வாசகர் கேள்வி – பதில்: ஐபோன் படம் கம்ப்யூட்டரில் திறக்கவில்லையா?

கேள்வி: மகளின் ஐபோனில் இருந்து பேரனின் காதுகுத்துப் படங்களைக் கேபிள் மூலம் என் விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு ஏற்றினேன். எல்லாமே ஹெச்இஐசி என்று முடிகின்றன, ஒன்றும் திறக்கவில்லை. பெயரை ஜேபிஜி என்று மாற்றியும் பயனில்லை. படங்கள் கெட்டுப்போய்விட்டனவா? – வாசகர், தேனி

பதில்: படங்கள் நலமாகவே இருக்கின்றன. பெயரை மாற்றியதில் எந்தச் சேதமும் இல்லை, ஆனால் எந்த மாற்றமும் நடக்கவில்லை. சர்க்கரை டப்பாவில் உப்பு என்று எழுதி ஒட்டியது போலத்தான். சந்தேகம் இருந்தால் ஒரு படத்தை நோட்பேடில் திறந்து பாருங்கள். முதல் வரியில் புரியாத குறிகளுக்கு நடுவே ‘எஃப்டிஒய்பிஹெச்இஐசி’ என்ற எட்டு ஆங்கில எழுத்துகள் தெரியும். உண்மையான ஜேபிஜி என்றால் அந்த இடத்தில் ‘ஜேஎஃப்ஐஎஃப்’ அல்லது ‘எக்சிஃப்’ என்று இருக்கும். பார்த்துவிட்டு சேவ் செய்யாமல் மூடிவிடுங்கள். சேவ் கொடுத்தால் படம் உண்மையிலேயே கெட்டுவிடும்.

2017-ல் வந்த ஐஓஎஸ் 11 (ஐபோனின் இயங்குதளம்) முதல், ஐபோன் 7-ம் அதற்குப் பிந்தையவையும் படங்களை ஹெச்இஐசி என்ற பட வடிவத்தில் சேமிக்கின்றன. அதே தரத்துக்கு ஜேபிஜி பிடிக்கும் இடத்தில் ஏறக்குறைய பாதிதான் இது பிடிக்கும். இதன் உள்ளே இருப்பது வீடியோவுக்கான ஹெச்.265 (ஹெச்இவிசி என்றும் சொல்வார்கள்) சுருக்கமுறை. அதற்குக் காப்புரிமைக் கட்டணம் உண்டு. அதனால்தான் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ‘ஹெச்இஐஎஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்ற துணை மென்பொருள் இலவசமாகக் கிடைத்தாலும், கூடவே தேவைப்படும் ‘ஹெச்இவிசி வீடியோ எக்ஸ்டென்ஷன்ஸ்’ சிறு விலைக்கு விற்கப்படுகிறது. பலர் முதலாவதை மட்டும் போட்டுவிட்டு, இன்னும் திறக்கவில்லையே என்று நிற்பார்கள். இரண்டும் வேண்டும்.

நீங்கள் பெயர் மாற்றியவற்றை முதலில் பழையபடி ஹெச்இஐசி என்றே திருத்துங்கள். பத்துப் பதினைந்து படம் என்றால், எக்ஸ்டென்ஷன்கள் போட்ட பிறகு பெயின்டில் திறந்து ஃபைல் – சேவ் ஆஸ் – ஜேபெக் (ஜேபிஜியின் இன்னொரு பெயர்) கொடுத்தால் முடிந்தது. நூற்றுக்கணக்கில் இருந்தால் ‘ஐமேசிங் கன்வர்ட்டர்’ என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். ஃபோல்டரை அதன்மேல் இழுத்துப் போட்டு ஜேபெக் தேர்ந்தெடுங்கள். தரத்தை 90 அளவில் வையுங்கள். 100 வைத்தால் ஃபைல் பருக்குமே தவிர கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எக்சிஃப் தகவலை (படத்தோடு சேர்த்து எழுதப்படும் தேதி, திசை போன்ற குறிப்புகள்) காப்பாற்றும் பெட்டியில் டிக் இருக்கட்டும். இல்லையென்றால் படம் எடுத்த தேதி தொலைந்து, காதுகுத்துப் படங்கள் எல்லாம் இன்றைய தேதியில் வரிசையாகும். மாற்றிய படங்களைத் தனி ஃபோல்டரில் சேமியுங்கள். மூலப் படங்களை அழிக்காதீர்கள்: ஜேபிஜி ஆக்கும்போது போர்ட்ரெய்ட் படத்தின் ஆழத் தகவல் போய்விடும், ஜேபிஜியில் இருந்து அதைத் திரும்பப் பெற வழியே இல்லை.

கேள்வி: ஐபோனில் இருந்து காப்பி செய்யும்போது பாதியில் ‘எ டிவைஸ் அட்டாச்டு டு தி சிஸ்டம் இஸ் நாட் ஃபங்ஷனிங்’ என்று வந்து நின்றுவிடுகிறது. புதுக் கேபிள் வாங்கியும் அதே கதை. – வாசகி, கோவை

பதில்: கேபிள்மேல் குற்றமில்லை. கம்ப்யூட்டருக்கு அனுப்பும்போதே ஒவ்வொரு படத்தையும் ஜேபிஜியாக மாற்றித்தரும்படி உங்கள் ஃபோன் அமைக்கப்பட்டிருக்கும். மாற்றும் வேலை தாமதமானால் விண்டோஸ் பொறுமை இழந்து இணைப்பை அறுத்துவிடுகிறது. செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதிக்குப் போய் (ஐஓஎஸ் 18-ல் ஆப்ஸ் என்பதற்குள் இருக்கிறது) கடைசியில் உள்ள ‘டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி’யில் ஆட்டோமேட்டிக் என்பதை ‘கீப் ஒரிஜினல்ஸ்’ ஆக்குங்கள். கேபிளைக் கழற்றி, ஃபோனின் லாக்கைத் திறந்து வைத்து மீண்டும் இணையுங்கள். ஹெச்இஐசியாகவே வந்து சேரும். மாற்றுவதைக் கம்ப்யூட்டரில் செய்துகொள்ளலாம்.

காப்பி முடிந்தும் எண்ணிக்கை குறைந்தால், ‘ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்’ இயங்குகிறதா என்று பாருங்கள். அது இருந்தால் பல மூலப் படங்கள் ஃபோனிலேயே இருக்காது, ஐகிளவுடில் இருக்கும். எண்ணிக்கை சரிபார்க்காமல் ஃபோனில் இருந்து ஒரு படத்தையும் அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: இனி எடுப்பதெல்லாம் ஜேபிஜியாகவே வர என்ன செய்ய வேண்டும்? – வாசகர், நாகர்கோவில்

பதில்: ஐபோனில் செட்டிங்ஸ் – கேமரா – ஃபார்மட்ஸ் – ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’. சாம்சங்கில் கேமரா செட்டிங்ஸில் ‘ஹை எஃபிஷியன்சி பிக்சர்ஸ்’ என்பதை அணையுங்கள். பழைய படங்கள் மாறாது. ஐபோனில் விநாடிக்கு 60 பிரேம் 4கே வீடியோவும் இந்த அமைப்பில் எடுக்க முடியாது. ஃபோனில் இடம் தாராளமாக இருந்து, படங்கள் அடிக்கடி கடைக்கும் அலுவலகத்துக்கும் போகும் என்றால் மட்டும் இப்படி வையுங்கள்.

கேள்வி: கல்யாண ஆல்பத்துக்கு 12×18 அங்குலப் பக்கங்கள் போடுகிறோம். ஐபோன் படங்களை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் ஸ்டூடியோவில் ‘கிளாரிட்டி இல்லை’ என்கிறார்கள். டாகுமென்ட்டாக அனுப்பினால் ‘திறக்கவில்லை’ என்கிறார்கள். – வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஸ்டூடியோவில் சொல்லும் இரண்டும் சரி. சாதாரணமாக அனுப்பும் படத்தை வாட்ஸ்ஆப் ஜேபிஜியாக மாற்றும், கூடவே நீளப் பக்கத்தைச் சுமார் 1600 பிக்சலாகச் சுருக்கும். 18 அங்குலத்துக்கு 1600 என்றால் அங்குலத்துக்கு 89 பிக்சல்தான். 12 மெகாபிக்சல் ஐபோன் மூலப் படத்தின் அளவு 4032×3024. அதில் அங்குலத்துக்கு 224 கிடைக்கும், ஆல்பத்துக்குப் போதும். டாகுமென்ட்டாக அனுப்பினால் மூலப் படம் அப்படியே போகும், அதாவது ஹெச்இஐசியாகவே போகும்.

ஆகவே ஃபோனிலேயே மாற்றிவிட்டு அனுப்புங்கள். போட்டோஸில் படங்களைத் தேர்ந்து ‘சேவ் டு ஃபைல்ஸ்’ கொடுங்கள். ஃபைல்ஸ் செயலியில் படத்தை அழுத்திப் பிடித்து குவிக் ஆக்‌ஷன்ஸ் – கன்வர்ட் இமேஜ் – ஜேபெக் கொடுத்து, அளவு கேட்கும்போது சுருக்காமல் மூல அளவையே தேர்ந்தெடுங்கள் (ஐஓஎஸ் 16 முதல் இந்த வசதி உண்டு). வரும் ஜேபெக்கை வாட்ஸ்ஆப்பில் டாகுமென்ட்டாக அனுப்புங்கள்.

இன்னொரு விஷயத்தை ஸ்டூடியோவில் அவசியம் சொல்லுங்கள். ஐபோன் படங்கள் ‘டிஸ்பிளே பி3’ என்ற அகன்ற நிறப் பரப்பில் இருக்கும். அந்தக் குறிப்பைக் கவனிக்காத மென்பொருளில் அரக்குப் பட்டும் குங்குமமும் சோர்ந்து தெரியும். போட்டோஷாப்பில் எடிட் – ‘கன்வர்ட் டு புரொஃபைல்’ – எஸ்ஆர்ஜிபி (வழக்கமான நிறப் பரப்பு) செய்யச் சொல்லுங்கள். ‘அசைன் புரொஃபைல்’ கொடுத்தால் நிறம் கெடும். முதலில் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டுப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்கட்டும்.

கேள்வி: ஐபிபிஎஸ் வங்கித் தேர்வு விண்ணப்பத்தில் என் போட்டோவை ஏற்க மறுக்கிறது. – வாசகர், திண்டுக்கல்

பதில்: அங்கே ஜேபிஜி, 20 முதல் 50 கேபிக்குள், 200×230 பிக்சல் விரும்பத்தக்கது என்பார்கள். மூலத்தின் ஜேபிஜி நகலைப் பெயின்டில் திறந்து, முகம் நடுவில் வர அதே விகிதத்தில் வெட்டுங்கள். பிறகு ரீசைஸில் பிக்சல்ஸ் தேர்ந்து அகலம் 200 கொடுங்கள். வெட்டாமல் இரண்டு எண்களையும் திணித்தால் முகம் சப்பையாகும். சேமித்த ஃபைல் பெரும்பாலும் 20 கேபிக்குக் கீழே போய்விடும், மறுக்கப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படியானால் சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்காமல், மூலத்தில் இருந்து மறுபடி 400×460 அளவில் செய்யுங்கள். ப்ராபர்ட்டீஸில் ‘சைஸ்’ என்ற வரியைப் பாருங்கள். ‘சைஸ் ஆன் டிஸ்க்’ கூட்டிக் காட்டும்.

கேள்வி: பென்டிரைவில் போட்ட ஜேபிஜி படங்கள் டிவியில் சில பக்கவாட்டில் படுத்திருக்கின்றன, சில வரவே இல்லை. – வாசகர், காரைக்குடி

பதில்: ஃபோன் படத்தைத் திருப்பிச் சேமிப்பதில்லை, ‘திருப்பிக் காட்டு’ என்று குறிப்பு மட்டும் எழுதுகிறது. சில டிவிகள் அதைப் படிப்பதில்லை. வராதவை ‘புரோக்ரெசிவ்’ (முதலில் மங்கலாகத் தெரிந்து படிப்படியாகத் தெளிவாகும்) வகை ஜேபெக்காக இருக்கலாம். ‘எக்ஸ்என்கன்வர்ட்’ என்ற மென்பொருளில் எக்சிஃப்படி திருப்பும் ஆக்‌ஷனைச் சேர்த்து, வெளியீட்டு அமைப்பில் புரோக்ரெசிவ் டிக்கை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒருமுறை மாற்றிவிடுங்கள். பென்டிரைவின் ஃபார்மட் ஃபேட்32 ஆக இருக்கட்டும்.

கேள்வி: இணையத்தில் இலவசமாக மாற்றித்தரும் தளங்களை நம்பலாமா? – வாசகி, வேலூர்

பதில்: பூச்செடிப் படத்துக்குச் சரி. ஆதார், பாஸ்புக், குழந்தைகளின் படங்களை அங்கே ஏற்றவே ஏற்றாதீர்கள். ஏற்றும் படம் யாரோ ஒருவரின் சர்வருக்குப் போகிறது. லொக்கேஷன் இயங்கும்போது எடுத்த படமென்றால் உங்கள் வீட்டு வாசலின் அட்சரேகை, தீர்க்கரேகையும் சேர்ந்தே போகும். ஐபோனில் ஷேர் திரையின் மேலே ஆப்ஷன்ஸைத் தொட்டு லொக்கேஷனை அணைத்த பிறகு அனுப்பினால் அந்தத் தகவல் சேர்ந்து போகாது.