கல்யாண போட்டோவுக்கு என்ன ரேட் சொல்வது? எடுத்த படம் யாருக்குச் சொந்தம்?

மேலூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்து ஆறு வருடமாகக் கல்யாணம் எடுக்கிறார். கடிதத்தின் சாரம் இது: "வருடத்துக்கு 30 கல்யாணம் செய்கிறேன். ஓய்வே கிடையாது, ஆனால் கையில் காசு நிற்பதில்லை. இரண்டு நாளுக்கு போட்டோ, வீடியோ, இரண்டு ஆல்பம் எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் வாங்குகிறேன். ஏற்றினால் பக்கத்து ஸ்டுடியோவுக்குப் போய்விடுவார்களோ என்று பயம். இப்போது ஒரு வீட்டார் ரா ஃபைல், அதாவது கேமராவில் பதிந்தபடி திருத்தாத மூலப் படங்கள், மொத்தமும் கொடு என்று நிற்கிறார்கள். இன்னொரு பக்கம், நான் எடுத்த மணப்பெண் படத்தை ஒரு பியூட்டி பார்லர் ஃபிளெக்ஸில் போட்டிருக்கிறது, என் பெயர்கூட இல்லை. இதெல்லாம் போக, என் படங்கள் எல்லாம் ஒரே கல்யாணம் மாதிரி தெரிகின்றன. என்ன செய்வது?"

தம்பி, முதலில் பணத்தைப் பார்ப்போம். மற்றதற்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் செலவு விவரம் எழுதி அனுப்பியது நல்லதாய்ப் போயிற்று. அதை வைத்தே கணக்குப் போடுகிறேன்.

ஒரு கல்யாணத்துக்கு வீடியோக்காரருக்கு இரண்டு நாள் சம்பளம் 7,000. ஆல்பம் டிசைன், பிரிண்ட் 11,000. வீடியோ எடிட்டிங் 4,000. வண்டி, சாப்பாடு 2,000. பென் டிரைவ், ஃபிரேம் என்று 1,500. ஆக 25,500 வெளியே போகிறது, கையில் 19,500 மிஞ்சுகிறது. 30 கல்யாணத்துக்கு 5,85,000. நீங்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிட்டு "அப்புறம் காசு எங்கே போகிறது" என்று கேட்கிறீர்கள். கடை வாடகை 72,000, கரண்ட்டும் நெட்டும் 24,000, உதவிக்கு இருக்கும் பையன் சம்பளம் 1,08,000, கேமரா சர்வீஸும் ஹார்ட் டிஸ்க்கும் 27,000. இதுவே 2,31,000 ஆகிவிடுகிறது.

நீங்கள் எழுதாமல் விட்டது தேய்மானம். உங்கள் சோனி ஏ7 III கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் ஷட்டரை 2 லட்சம் கிளிக் வரை சோதித்திருப்பதாகக் கம்பெனி சொல்கிறது. கல்யாணத்துக்கு 3,500 கிளிக் என்று வைத்தால் வருடத்துக்கு 1,05,000. இரண்டு வருடம் முடிவதற்குள் அந்த எண்ணைத் தொட்டுவிடுவீர்கள். தொட்ட அன்றே கேமரா நின்றுவிடாது, அதற்கு மேலும் ஓடும். ஆனாலும் மூன்று வருடத்துக்கு மேல் அதை நம்பி ஒரு முகூர்த்தத்துக்குப் போக நான் துணியமாட்டேன். 1,50,000 ரூபாய் பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவை, மூன்று வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 50,000. லென்ஸ் எட்டு வருடம் வரும், அதற்கு 16,000. கம்ப்யூட்டருக்கு 18,000. ஃபிளாஷ், பேட்டரி, கார்டு 16,000. மொத்தம் ஒரு லட்சம். இதை யாரும் உங்களிடம் பில் போட்டு வாங்குவதில்லை என்பதால் செலவாகவே தெரிவதில்லை. பாடி மாற்றும் வருடத்தில் கடன் வாங்கும்போதுதான் தெரியும்.

ஆக 3,31,000 கழித்தால் 2,54,000. நான்கு வீட்டார் பாக்கி வைத்திருக்கும் 40,000 வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 2,14,000, அதாவது மாதம் 18,000-க்கும் குறைவு. எடுக்கிற இரண்டு நாளோடு படம் பிரிப்பது, கலர் பார்ப்பது, ஆல்பம் செலக்‌ஷன், லேபுக்கு அலைவது என்று இன்னும் ஐந்து நாள் போகிறது. 30 கல்யாணத்துக்கு 210 நாள். ஒரு நாள் கூலி சுமார் 1,020 ரூபாய். உங்களிடம் வரும் வீடியோக்காரருக்கு நீங்கள் கொடுப்பது 3,500. கேமரா பிடிக்கும் இரண்டு பேரில் குறைந்த கூலி வாங்கும் ஆள் நீங்கள்தான். இதை மனதில் பதிய வையுங்கள், ரேட் சொல்லும்போது குரல் தயங்காது.

சரி, எவ்வளவு சொல்லலாம்? வீட்டுக்கு மாதம் 40,000 வேண்டும் என்றால் வருடத்துக்கு 4,80,000. கடைச் செலவையும் தேய்மானத்தையும் சேர்த்தால் 8,11,000. 30 கல்யாணத்துக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 27,000 சொச்சம். வெளியே போகும் 25,500-ஐக் கூட்டினால் 52,500. எதிர்பாராத செலவுக்கும் கொஞ்சம் விட்டு 55,000 என்று வையுங்கள். கல்யாணத்தை 25-ஆகக் குறைத்துக்கொள்ள நினைத்தால் 58,000 வரும். பத்தாயிரம் ஏற்றினால் நிலைமை இவ்வளவு மாறும் என்று நீங்கள் நினைத்திருக்கமாட்டீர்கள். அந்தப் பத்தாயிரம் முழுக்க உங்கள் கைக்கு வருகிறது, வேறு யாருக்கும் அதில் பங்கு இல்லை. அதனால்தான் இந்த வித்தியாசம்.

ஏற்கெனவே பேசி அட்வான்ஸ் வாங்கியவர்களிடம் பழைய ரேட்டே இருக்கட்டும். ஆடியில் விசாரிக்க வருபவர்களிடம் புதிய ரேட்டைச் சொல்லுங்கள், ஆவணி முகூர்த்தத்திலிருந்து அது நடைமுறைக்கு வந்துவிடும். "கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்பார்கள். அப்போது பணத்தைக் குறைக்காதீர்கள், கொடுப்பதைக் குறையுங்கள். "சரிங்க, இரண்டு ஆல்பத்துக்குப் பதில் ஒன்றாக வைத்துக்கலாம், 49,500-க்கு முடித்துத் தருகிறேன்" என்று சொல்லலாம். ஒரு ஆல்பத்தின் அடக்கம் 5,500 என்பது உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. சும்மா ஐயாயிரம் தள்ளினால், முதலில் அதிகம் சொன்னவர் என்ற பேர்தான் மிஞ்சும். சிலர் பக்கத்து ஸ்டுடியோவுக்குப் போகத்தான் செய்வார்கள், போகட்டும். 58,000 ரேட்டில் 25 கல்யாணம் வந்தாலே போதும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

ஜி.எஸ்.டி. பற்றி ஒன்று. வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும், போட்டோ எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு 18 சதவீதம். பார்ப்பது லாபத்தை இல்லை, மொத்த வரவை. 55,000 ரேட்டில் 37ஆவது கல்யாணத்தில் கோட்டைத் தாண்டுவீர்கள். பக்கத்தில் வரும்போதே ஆடிட்டரைப் பாருங்கள்.

பாக்கி நிற்பதற்குக் காரணம் பணத்தை ஆல்பத்தோடு கட்டி வைத்திருப்பது. கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் அந்த வீட்டில் கடன்காரர்கள் வந்துபோகும் நேரம். அப்போது ஆல்பத்தை யார் நினைக்கிறார்கள்? புக் செய்யும்போது 30 சதவீதம், முதல் நாள் நிகழ்ச்சி தொடங்கும் முன் 50, படம் செலக்ட் செய்து கொடுக்கும்போது 20 என்று பிரியுங்கள். பிரிண்டுக்குப் போகும்போது உங்களுக்கு வரவேண்டியது எதுவும் இருக்கக்கூடாது.

இப்போது ரா ஃபைல். இங்கே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்று இருக்கிறது, நம் தொழிலில் பலருக்கு இது தெரியாது. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை உருவாக்கியவர் அதை எடுத்தவர்தான். ஆனால் 17ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து எடுக்கப்பட்ட போட்டோ என்றால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதபோது முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவரே. அதாவது நீங்கள் எதையும் எழுதி வாங்காமல் எடுத்த எல்லாக் கல்யாணப் படங்களின் பதிப்புரிமையும் அந்தந்த வீட்டாருடையது. "நான் எடுத்த படம், என் படம்" என்று வாய்ப்பேச்சில் சண்டை போட்டால் நிற்காது.

அதனால் இந்த வீட்டாரிடம் முறுக்கிக்கொள்ள வேண்டாம். ரா ஃபைல் எதற்கு என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும், நாம் சில படங்களை ஒளித்து வைத்திருக்கிறோம் என்ற சந்தேகம்தான் காரணமாக இருக்கும். கண் மூடியது, ஃபோகஸ் போனது மட்டும் கழித்து, மற்ற எல்லாவற்றையும் முழு சைஸ் ஜேபெக்காகக் கொடுத்தால் பாதிப் பேர் அதோடு விட்டுவிடுவார்கள். கலர் பார்க்காத ரா ஃபைல் சாயம் போன வேட்டி மாதிரி இருக்கும் என்பதை உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு படத்தைத் திறந்தே காட்டுங்கள். அப்படியும் கேட்டால் கொடுத்துவிடுங்கள். 3,500 படம் என்றால் 84 ஜிபி அளவுக்கு வரும், ஹார்ட் டிஸ்க் அவர்களையே வாங்கிவரச் சொல்லுங்கள்.

அடுத்த கல்யாணத்திலிருந்து ஒரு பக்க ஒப்பந்தம், தமிழில், இரண்டு பிரதி. பணம் எந்தெந்தத் தேதியில், எத்தனை படம், ரா ஃபைல் உண்டா, உண்டென்றால் தனியாக எவ்வளவு, பதிப்புரிமை யாருக்கு, உங்கள் விளம்பரத்துக்கு எந்தப் படங்களைப் போடலாம், கேமராவோ கார்டோ பழுதானால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள். இவ்வளவும் அதில் இருக்கட்டும். யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பது முக்கியம். நம் ஊரில் புக் செய்வது தாய்மாமன், பணம் தருவது அப்பா, ஆல்பம் பார்த்துக் குறை சொல்வது பெண். பணம் தருபவரிடம் வாங்குங்கள், பெண் மாப்பிள்ளையிடமும் வாங்குங்கள்.

படத்தை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். 2009இல் நான் எடுத்த ஒரு கல்யாணத்தின் மாப்பிள்ளை ஏழு வருடம் கழித்து வந்தார். அவர் அப்பா இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அட்சதை போடும்போது அப்பா சிரித்தாரே, ஆல்பத்தில் அது சின்னதாக இருக்கிறது, பெரிதாக மாட்ட வேண்டும் என்றார். என்னிடம் இருந்த ஒரே ஹார்ட் டிஸ்க் அதற்கு இரண்டு வருடம் முன்பே போயிருந்தது. ஆல்பத்தை ஸ்கேன் செய்து கொடுத்தேன், அவர் குறை ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்தையும் இரண்டு டிஸ்க்கில், இரண்டு வேறு இடத்தில் வைக்கிறேன், ஒன்று கடையில், ஒன்று வீட்டில். உங்கள் ஏ7 III-இல் இரண்டு கார்டு போட இடம் இருக்கிறது. இரண்டிலும் ஒரே படம் பதிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று நிறைந்த பிறகு மற்றதில் பதிகிற மாதிரி வைக்காதீர்கள்.

பியூட்டி பார்லர் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம்தான். ஒப்பந்தம் இல்லாததால் பதிப்புரிமை கல்யாண வீட்டாருடையது என்று பார்த்தோம். ஆனாலும் அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமை யாரிடம் இருந்தாலும், இதை உருவாக்கியவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை உங்களுக்கே விட்டுவைக்கிறது. பெயர் போடச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் பார்லருக்குப் போவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் பேசுங்கள். பஸ் ஸ்டாண்டு எதிரில் தன் முகம் பத்தடி உயரத்துக்கு நிற்பது அவருக்குத் தெரியுமா? மேக்கப் போட்டவர் ஆசையாகக் கேட்டார் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார், அவ்வளவுதான். அவருக்குச் சம்மதமில்லை என்றால் ஃபிளெக்ஸை எடுக்கச் சொல்வதுதான் முதல் வேலை, உங்கள் பெயர் அப்புறம். இன்னொன்றையும் கேட்கிறேன். உங்கள் இன்ஸ்டாகிராமில் இருக்கும் மணப்பெண்களில் எத்தனை பேரிடம் கேட்டுவிட்டுப் போட்டீர்கள்? இன்றைக்கே ஒவ்வொருவருக்கும் ஒரு வரி செய்தி அனுப்பி, சம்மதத்தை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

கடைசியாக, ஒரே மாதிரி இருக்கும் படங்கள். நீங்கள் அனுப்பிய பத்துப் படங்களையும் பார்த்தேன். கை சுத்தம், வெளிச்சம் சரி, எதுவும் ஆடவில்லை. ஆனால் பத்திலும் நீங்கள் நிற்கும் இடம் ஒன்றுதான், மேடைக்கு நேர் எதிரே. தாலி கட்டும் படம் எல்லோரிடமும் இருக்கும், சுற்றி நிற்கும் நாற்பது செல்போனிலும் இருக்கும். அதை வீடியோக்காரர் நேரே எடுக்கட்டும், உங்கள் ஆறு கிளிக்கும் முடியட்டும். அதன்பின் லென்ஸைத் திருப்புங்கள். கெட்டிமேளம் என்று கை காட்டியதும் தவில்காரர் தோள் ஏறுவதைப் பாருங்கள். பெண்ணின் அம்மா பெரும்பாலும் மேடையின் ஓரத்தில், கையில் ஏதோ ஒரு தட்டோடு, பார்க்க முடியாத இடத்தில் நிற்பார். மூன்றாவது முடிச்சு விழும்போது அவர் எட்டிப் பார்ப்பார். அந்த இரண்டு நொடி நாற்பது செல்போனில் ஒன்றிலும் இருக்காது.

மார்கழியில் வேலை இருக்காது. ஒரு நாள் 35 எம்எம் லென்ஸ் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு திருமலை நாயக்கர் மஹாலுக்குப் போங்கள். 1858இல் லின்னியஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி மெழுகு பூசிய காகித நெகட்டிவில் அந்தத் தூண்களை எடுத்திருக்கிறார். வானம் வெறுமையாக விழுந்தால் நெகட்டிவிலேயே சாயத்தால் மேகம் போடுவாராம். அவர் படங்கள் இணையத்தில் கிடைக்கும், பார்த்துவிட்டுப் போங்கள். காலை முழுக்க இருந்து முப்பது படத்துக்கு மேல் எடுக்கக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுத்ததில் மூன்றை எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பேசுவோம்.