வி கழுத்து ஸ்வெட்டரில் கண்ணி குறைக்கும்போது ஒரு பக்கக் கோடு மட்டும் ஏன் படிக்கட்டு மாதிரி வருகிறது?

கழுத்தின் ஒரு பக்கம் கே2டாக் (k2tog, இரண்டு கண்ணிகளை அப்படியே சேர்த்துப் பின்னுவது), மறுபக்கம் எஸ்எஸ்கே (ssk, இரண்டையும் ஒவ்வொன்றாக மாற்றிவிட்டுச் சேர்த்துப் பின்னுவது) போடுவதாகவும், எஸ்எஸ்கே பக்கம் மட்டும் அசிங்கமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கையில் கோளாறு இல்லை. அந்தக் குறைப்பின் சுபாவமே அதுதான்.

இரண்டுமே இரண்டு கண்ணிகளை ஒன்றாக்குபவை. எந்தக் கண்ணி மேலே உட்காருகிறது என்பதுதான் வித்தியாசம். கே2டாக்கில் ஊசி முதலில் இடது கண்ணிக்குள் நுழைவதால் அது மேலே வந்து வலப்பக்கம் சாயும். எஸ்எஸ்கேயில் வலது கண்ணி மேலே வந்து இடப்பக்கம் சாயும். ஆனால் அதற்கு முன் இரண்டையும் ஒவ்வொன்றாக வலது ஊசிக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. அந்த அலைச்சலில் மேலே வர வேண்டிய கண்ணி இழுபட்டுத் தொளதொளவென்று ஆகிவிடும். நீங்கள் பார்க்கும் படிக்கட்டு அதுதான். பருத்தி நூலில் இன்னும் நன்றாகவே தெரியும், அதற்குக் கம்பளி மாதிரி சுருங்கி விரியும் குணம் கிடையாது.

முதலில், கண்ணிகளை ஊசியின் தடித்த பகுதிவரை தள்ளாமல் நுனியிலேயே வைத்து வேலையை முடியுங்கள். அது போதவில்லையென்றால், முதல் கண்ணியை நிட் (சாதாரண நேர்ப் பின்னல்) போடுவதுபோலவும் இரண்டாவதைப் பர்ல் (அதன் மறுபக்கப் பின்னல்) போடுவதுபோலவும் வலது ஊசிக்கு மாற்றி, இரண்டையும் பின்பக்கமாகச் சேர்த்துப் பின்னுங்கள். அடியில் இருக்கும் கண்ணி முறுக்கிக்கொண்டு கோடு படிந்து நிற்கும். எனக்கு இந்த முறைதான் பிடிக்கும்.

அப்புறம், குறைப்பை ஓரக் கண்ணியிலேயே போடாதீர்கள். பேட்டர்ன் (பின்னல் குறிப்பு) சொல்லாவிட்டாலும் 2 கண்ணி உள்ளே தள்ளிப் போடுங்கள். வரிசை தொடங்கும் பக்கம் 2 நிட், எஸ்எஸ்கே. முடியும் பக்கம் கடைசி 4 கண்ணி இருக்கும்போது கே2டாக், 2 நிட். இப்படிப் போட்டால் கோடு கழுத்துச் சரிவோடு சேர்ந்தே போகும், கழுத்துப் பட்டிக்குக் கண்ணி எடுக்கவும் ஓரம் சுத்தமாக இருக்கும்.

எத்தனை வரிசைக்கு ஒருமுறை குறைப்பது என்பதையும் கேட்டிருக்கிறீர்கள். 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 30 வரிசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கழுத்து 16 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம் வேண்டுமென்றால் 35 கண்ணிகளை 60 வரிசைக்குள் குறைக்க வேண்டும். நடுக்கண்ணி ஒன்றை ஊக்கில் மாட்டிவிட்டால் பக்கத்துக்கு 17. முதலில் 2 வரிசைக்கு ஒருமுறையாக 4 தடவை, பிறகு 4 வரிசைக்கு ஒருமுறையாக 13 தடவை. 8-உம் 52-உம் சேர்ந்து சரியாக 60.

ஊக்கில் இருக்கும் அந்தக் கண்ணி, நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் ரிப் பட்டியில் உதவும். அதையும் அதற்கு முந்தையதையும் ஒன்றாக நிட் போடுவதுபோல மாற்றி, அடுத்ததைப் பின்னி, மாற்றிய இரண்டையும் அதன்மேல் தாண்டவிடுங்கள். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று இப்படிச் செய்தால் நடுக்கண்ணி எந்தப் பக்கமும் சாயாமல் நேராக நிற்கும்.

ஏற்கெனவே பின்னி முடித்த பக்கத்தைப் பிரிக்க வேண்டாம். மொட்டை ஊசியால் தொளதொளப்பான நூலைப் பக்கத்துக் கண்ணிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவிட்டு, துணியை நனைத்து, தொங்கவிடாமல் விரித்துக் காயவையுங்கள். கம்பளியாக இருந்தால் பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.