பள்ளியின் பெயரைக் கடைசி வரை மறைக்கிறார்களா? வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர் வேலை: கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: "செலக்‌ஷன் ஆயிடுச்சு, ஆனா எந்த ஸ்கூல்னு மட்டும் சொல்ல மாட்றாங்க." ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் தரப்பட்டிருக்கிறது.

காட்பாடியிலிருந்து: சார், ஆஃபர் லெட்டர் வந்திருக்கு. நாடு, சம்பளம் எல்லாம் இருக்கு. "ஒரு முன்னணிப் பள்ளி"ன்னு மட்டும் போட்டிருக்காங்க. இது வழக்கமா, ஏமாத்து வேலையா?

எந்தக் கட்டத்தில் மறைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இன்டர்வியூவுக்கு முன்பு பெயர் சொல்லாதது இந்தத் தொழிலில் சகஜம். ஏஜென்சிக்குக் கமிஷன் தருவது பள்ளி. பெயர் தெரிந்தால் நீங்கள் நேராகப் பள்ளிக்கே எழுதிவிடுவீர்கள் என்ற பயம் அவர்களுக்கு. அதில் ஓரளவு நியாயமும் உண்டு.

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகு அந்தக் காரணம் செல்லாது. அதற்குமேலும் மறைத்தால், பெரும்பாலும் பள்ளியே இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம்: உங்கள் பயோடேட்டாவைப் பத்து இடத்துக்கு அனுப்பிவிட்டு, யார் எடுப்பார்கள் என்று காத்திருக்கிறார்கள். அல்லது பள்ளி முடிவாகியிருக்கிறது, ஆனால் பெயரைச் சொன்னால் நீங்கள் வரமாட்டீர்கள். ஊர் எட்டாத தொலைவில் இருக்கலாம், முன்பு போன ஆசிரியர்கள் பாதியில் ஓடிவந்த பள்ளியாக இருக்கலாம். பள்ளியே இல்லாத டியூஷன் சென்டராகவும் இருக்கலாம்.

இதைச் சோதிக்க ஒரே கேள்வி போதும்: "விசா பேப்பர் யார் பெயரில் போடுகிறீர்கள்?" முறையான வேலை விசா எதுவும் முதலாளி பெயர் இல்லாமல் போட முடியாது. விசா "பிராசஸில் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே பெயர் இன்னும் தெரியாது என்றால், இரண்டில் ஒன்று பொய். முதலாளியின் முழுப் பெயர் எழுத்தில் வரும்வரை முன்பணம், டிக்கெட் பணம் எதுவும் கொடுக்காதீர்கள்.

குடியாத்தத்திலிருந்து: மாலத்தீவு. மாலே போய் இறங்கினதும்தான் எந்தத் தீவுன்னு தெரியும்னு சொல்றாங்க. அப்போ இதுவும் மோசடியா?

அவசியமில்லை. அரசுப் பள்ளி வேலையில் உங்கள் முதலாளி கல்வி அமைச்சகம். ஒதுக்கீடு அவர்கள் கையில் இருப்பதால் தீவின் பெயர் தாமதமாக வருவது நடக்கும். வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளுக்கு எடுக்கும் தென் கொரியாவின் இபிக் (EPIK) திட்டத்திலும் இப்படித்தான்: ஒப்பந்தம் மாகாணக் கல்வி அலுவலகத்தோடு, பள்ளியின் பெயர் பயிற்சி முகாமின் கடைசியில். (2010-ல் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரிய ஒப்பந்தத்தால், ஆங்கில ஆசிரியர் தகுதிச் சான்று உள்ள இந்தியர்களுக்கும் அங்கே வழி இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை.)

ஆனால் இங்கே மறைவது பள்ளியின் பெயர் மட்டும்தான், முதலாளியின் பெயர் இல்லை. உங்கள் காகிதத்தில் அமைச்சகத்தின் பெயர் இருக்க வேண்டும். அங்கேயும் ஏதோ ஒரு தனியார் கம்பெனி பெயர் இருந்தால் நிறுத்திக் கேளுங்கள்.

தீவு தெரியாமல் கிளம்புவதானால், தெரிந்துகொள்ளக்கூடியதையாவது தெரிந்துகொள்ளுங்கள். மாலத்தீவின் வடக்கு முனைக்கும் தெற்கு முனைக்கும் 800 கி.மீ.க்கு மேல், வேலூரிலிருந்து கன்னியாகுமரி போவதைவிடத் தூரம். எந்த அட்டோல் (தீவுக் கூட்டம்) என்றாவது கேட்டு வாங்குங்கள். தெற்கே அட்டூ, வடக்கே குல்ஹுதுஃபுஷி மாதிரி இடங்களில் பெரிய மருத்துவமனை உண்டு. சின்னத் தீவில் சுகாதார மையம் மட்டும்தான். சர்க்கரை, தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது முக்கியம். மாலேயிலிருந்து தீவுக்குப் போகும் படகு அல்லது உள்நாட்டு விமானச் செலவு யாருடையது, மாலேயில் காத்திருக்கும் நாட்களுக்குத் தங்குமிடமும் சம்பளமும் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்று, சம்பளம் ருஃபியாவில் வரும். அங்கே டாலர் தட்டுப்பாடு இருப்பதால், வங்கி வழியாக மாதம் எவ்வளவு ஊருக்கு அனுப்பலாம் என்ற வரம்பு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. சம்பளத் தொகையைப் பார்த்து வீட்டுக் கடனுக்கு இஎம்ஐ கணக்குப் போடுவதற்கு முன்பு, இன்றைய வரம்பை அங்கே இப்போது வேலை பார்க்கும் ஒருவரிடம் கேளுங்கள்.

ஆம்பூரிலிருந்து: துபாய். விசிட் விசாவுல கூட்டிட்டுப் போய், ரெண்டு மூணு ஸ்கூல்ல டெமோ கிளாஸ் எடுக்க வெச்சு, எடுக்கற ஸ்கூல்ல சேத்து விடுவாங்களாம். 1,20,000 கேக்கறாங்க.

அப்படியென்றால் உங்களுக்கு வேலையே இன்னும் கிடைக்கவில்லை. வேலை தேடிப் போகிற செலவைத்தான் உங்களிடம் வாங்குகிறார்கள்.

அங்குள்ள முறை வேறு. வேலை பெர்மிட்டுக்கு முன்பே, அமீரக மனிதவள அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர் படிவத்தில் பள்ளியின் பெயர், பதவி, அடிப்படைச் சம்பளம், படிகள் எல்லாம் வந்து நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் படிவம் தமிழிலும் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். விசிட் விசாவில் வகுப்பெடுப்பது சட்டப்படி குற்றம், மாட்டுவது நீங்கள். அமீரகத்தின் 2021-ன் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டப்படி ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது. துபாய் தனியார் பள்ளிகளின் பட்டியலும் ஆய்வறிக்கைகளும் அங்குள்ள தனியார் கல்வியை மேற்பார்க்கும் கேஎச்டிஏ (KHDA) அமைப்பின் இணையதளத்தில் இருக்கின்றன. பெயர் கிடைத்த அன்றே அதில் தேடுங்கள். பட்டியலில் இல்லையென்றால் அது பயிற்சி மையமாகவோ நர்சரியாகவோ இருக்கும்; சம்பளமும் விடுமுறையும் அதற்கேற்ப இருக்கும்.

ஆற்காட்டிலிருந்து: ஏஜென்சி எவ்வளவு வாங்கலாம்? கணக்கு இருக்கா?

பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் 18% ஜிஎஸ்டி 5,400, ஆக 35,400. ரசீது தர வேண்டும். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். பதிவு எண் செல்லுபடியாகிறதா, முகவரி பொருந்துகிறதா என்று இரண்டையும் பாருங்கள். "சென்னை கம்பெனிக்கு வேலூர் ஆள் நான்தான்" என்பவர்தான் சிக்கல். துணை ஏஜென்ட் என்பதைச் சட்டம் ஏற்பதில்லை. பணத்தைப் பதிவு பெற்ற நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், அவருடைய ஜிபே எண்ணுக்கு வேண்டாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள் எடுக்கிறது. அதன் அறிவிப்புகளையும் ஒரு பார்வை பார்த்துவையுங்கள்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பத்தாவது தேறியவர்களின் பாஸ்போர்ட்டுக்குக் குடியகல்வு அனுமதி (வேலைக்கு வெளிநாடு போகும் முன் அரசிடம் வாங்கும் அனுமதி) தேவையில்லை. அதனால் பத்தாவது தேறாமல் வளைகுடாவுக்குப் போகும் கட்டடத் தொழிலாளியின் ஒப்பந்தத்தையாவது ஒரு அதிகாரி பார்ப்பார், பி.எட். படித்தவரின் ஒப்பந்தத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். நீங்களேதான் படிக்க வேண்டும்.

வாணியம்பாடியிலிருந்து: சீனாவில் கிண்டர்கார்டன். பிசினஸ் விசாவில் போய் அங்கே மாத்திக்கலாம்னு சொல்றாங்க.

வேண்டாம். வேலைக்கு இசட் விசா. அதற்கு முதலாளி பெயரில் வந்த வேலை அனுமதி அறிவிப்புக் கடிதம் வேண்டும். போய்ச் சேர்ந்த 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கும் விண்ணப்பிக்க வேண்டும். அனுமதியில் உள்ள முதலாளியிடம் மட்டும்தான் வேலை செய்யலாம். ஒரு பெயரில் விசா எடுத்து வேறு பள்ளிக்கு "வாடகைக்கு" விடுவதற்காகத்தான் அங்கே பள்ளியின் பெயரை மறைக்கிறார்கள். பிடிபட்டால் 5,000 முதல் 20,000 யுவான் அபராதம் ஆசிரியருக்கு. கடுமையான வழக்கானால் 5 முதல் 15 நாள் காவலும் சேரும். ஏஜென்ட் வேலூரில் பத்திரமாக இருப்பார்.

திருப்பத்தூரிலிருந்து: தாய்லாந்து, பாங்காக் பக்கம்னு மட்டும் சொன்னாங்க. விசாவே தேவையில்லையாம்.

சுற்றுலாவுக்கு எப்படியோ, வேலைக்கு விசா தேவை: நான்-பி விசா, பிறகு ஒர்க் பெர்மிட். பெர்மிட்டில் முதலாளியும் வேலை செய்யும் இடமும் எழுதியிருக்கும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களிடம் பொதுவாக டோயிக் (TOEIC) ஆங்கிலத் தேர்வில் 600 மதிப்பெண்ணும் கேட்பார்கள். இதையெல்லாம் கேட்காமல் உடனே எடுக்கிறார்கள் என்றால் சந்தேகப்படுங்கள். 2022-ல் தாய்லாந்து வேலை என்று போன தமிழ் இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் வைத்து இணைய மோசடி வேலை செய்ய வைத்தார்கள். அவர்கள் ஆசிரியர் வேலைக்குப் போனவர்கள் இல்லை. ஆனால் "இடம் அங்கே போனதும் தெரியும்" என்பது அங்கேயும் இருந்தது. விமான நிலையத்திலிருந்து வண்டி மியான்மர் எல்லையில் உள்ள மே சாட் பக்கம் போகிறது என்று தெரிந்தால், வண்டி நிற்கும் முதல் இடத்திலேயே இறங்கித் தூதரகத்தை அழையுங்கள்.

வேலூரில் ஆள் எடுக்கும் அலுவலகம் நடத்துபவர்: ஒருபக்கமாவே பேசறீங்க. பேரைச் சொன்னா நேரா போயிடறாங்க. எங்க உழைப்புக்கு என்ன வழி?

நியாயமான கேள்வி. வழி உங்கள் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. இந்தப் பள்ளி எங்கள் மூலம் அறிமுகமானது என்று பள்ளியிடம் எழுதி வாங்குங்கள். 12 மாதத்துக்குள் அதே ஆசிரியரை நேராக எடுத்தாலும் கமிஷன் உண்டு என்று ஒரு பிரிவு போடுங்கள். ஆசிரியரிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். பெயர் சொல்லாத கட்டத்திலும் ஊர், பாடத்திட்டம், எந்த வகுப்புகள், வாரம் எத்தனை பீரியட், தங்குமிடம் தனியா பகிர்வா என்பவற்றைச் சொல்லலாமே. இவற்றையும் மறைத்தால் உங்களை எப்படி நம்புவார்கள்?

ராணிப்பேட்டையிலிருந்து: கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி என்ன எழுதச் சொல்லணும்?

மூன்று வரி போதும். பள்ளியின் பெயரும் முழு முகவரியும் புறப்படும் தேதிக்கு 21 நாள் முன்பு எழுத்தில் தரப்படும். தராவிட்டால் அல்லது சொன்ன ஊர் மாறினால், நான் விலகலாம், கட்டிய தொகை முழுவதும் 15 நாளில் திரும்ப வரும். விலகியதற்கு அபராதம் கிடையாது. இதை ஈமெயிலில் அனுப்பிப் பதிலும் ஈமெயிலில் வாங்குங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவை நம்பாதீர்கள். பெயர் வந்ததும், ஏஜென்ட் கொடுத்த எண்ணை விட்டுவிட்டுப் பள்ளியின் இணையதளத்தில் உள்ள தொலைபேசிக்கே அழைத்து, இந்தப் பதவிக்கு ஆள் எடுக்கிறீர்களா என்று கேளுங்கள். வீடியோ இன்டர்வியூ நடந்தால் எதிரில் இருப்பவரிடமே "இந்த வளாகம் எந்த ஊரில்?" என்று கேட்டுவிடலாம். பள்ளிக்காரர் மறைக்க மாட்டார். ஏஜென்சி ஆள் பள்ளிக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தால் திணறுவார்.

பேரணாம்பட்டிலிருந்து: ஒரிஜினல் டிகிரி, பி.எட். சர்டிபிகேட் எல்லாம் அவங்ககிட்ட. ஸ்கூல் பேர் கேட்டா "சர்டிபிகேட் வேணும்னா 40,000 கட்டு"ன்றாங்க.

அட்டெஸ்டேஷனுக்கு ஒரிஜினலை வாங்குவது நடக்கிற காரியம்தான். ஆனால் பிணையாக வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமையில்லை. பாஸ்போர்ட்டும் அவர்களிடம் இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்; 1967 பாஸ்போர்ட் சட்டப்படி அது மத்திய அரசின் சொத்து. எந்தெந்தச் சான்றிதழ், என்று கொடுத்தது என்று வரிசையாக எழுதி, 7 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், டெலிவரி ஆனதற்கான ஆதாரத்தை எடுத்துவையுங்கள். அதன் பிறகும் தரவில்லையென்றால் எஸ்.பி. அலுவலகத்தில் மனு. பாரதிய நியாய சன்ஹிதா 316 நம்பிக்கை மோசடி, 318 ஏமாற்றுதல் என்று குறிப்பிடலாம். பதிவில்லாத ஏஜென்ட் என்றால் 1983 குடியகல்வுச் சட்டத்தையும் சேர்த்து, ஒரு பிரதியைச் சென்னையில் உள்ள குடியகல்வோர் பாதுகாவலருக்கு (Protector of Emigrants) அனுப்புங்கள். வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். 40,000 கட்டாதீர்கள்.

அணைக்கட்டிலிருந்து: ஏற்கனவே போயாச்சு. சொன்னது நகரப் பள்ளி, இருக்கறது வேற ஊர்.

முதலில் விசா, பெர்மிட், ஒப்பந்தம் மூன்றிலும் உள்ள முதலாளி பெயரும் இடமும் நீங்கள் இருக்கும் இடத்தோடு பொருந்துகிறதா பாருங்கள். பொருந்தினால் இது ஒப்பந்தத் தகராறு. பேசியோ, அந்நாட்டுத் தொழிலாளர் துறையிலோ தீர்க்கலாம். பொருந்தவில்லையென்றால் நீங்கள் அங்கே வேலை செய்வதே சட்டவிரோதமாகலாம், நாள் கடத்தாதீர்கள். மூன்றையும் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வெளிநாட்டில் உள்ள இந்தியர்களின் புகார்களுக்கான வெளியுறவு அமைச்சகத்தின் மதத் (MADAD) இணையதளத்தில் புகார் போடுங்கள். புகார் எண்ணை வைத்துக்கொண்டு இந்தியத் தூதரகத்துக்கு நேரில் போங்கள். கோபத்தில் சொல்லாமல் கிளம்பி ஊர் வந்துவிடாதீர்கள். சில நாடுகளில் அது ஓடிப்போனவர் கணக்கில் எழுதப்பட்டு, மறுபடி விசா கிடைப்பது கஷ்டமாகிவிடும்.