கல்லீரல் சுருக்கம்: இரவு 10 மணிக் கஞ்சி ஏன் முக்கியம்?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. நீண்ட நாள் சர்க்கரை நோயாளி. கொழுப்புக் கல்லீரல் முற்றி சிரோசிஸ் (கல்லீரல் சுருக்கம்) ஆகிவிட்டது என்று ஒன்றரை ஆண்டுக்கு முன் சொன்னார்கள். வயிறு நிறைய நீர், இரண்டு காலும் வீக்கம். எடை 66 கிலோ, ஆறு மாதமாக அப்படியேதான் இருக்கிறது. ஆனால் கையும் தோளும் குச்சியாகிவிட்டன. தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. போன மாதம் குளியலறையில் விழுந்தார், அதிலிருந்து முதுகுவலி. இடையில் ஒருநாள் குழப்பமாகப் பேசினார். "புரதம் ஆகாது" என்று உறவினர்கள் சொன்னதால் பருப்பு, முட்டை, பால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். இரவு 7 மணிக்கு இரண்டு இட்லி, மறுநாள் 9 மணிக்கு டிபன். சனிக்கிழமை விரதமும் உண்டு. மீன், கறி சாப்பிட மாட்டார், முட்டை சாப்பிடுவார். என்ன கொடுக்கலாம்? எலும்புக்கு மாத்திரை வேண்டுமா?

பதில்: பருப்பையும் முட்டையையும் பாலையும் இன்றைக்கே திரும்பத் தொடங்குங்கள். நிறுத்த வேண்டியது இரவு 7 முதல் காலை 9 வரையிலான அந்த 14 மணி நேரப் பட்டினியைத்தான். ஏன் என்று புரிந்தால் வீட்டில் மற்றவர்களுக்கும் எடுத்துச் சொல்ல முடியும்.

முதலில் அந்த 66 கிலோவை நம்பாதீர்கள். அதில் பெரும் பங்கு நீர். நீர் ஏற ஏற, தசை கரையக் கரைய, தராசு முள் மட்டும் அசையாமல் நிற்கும். ஆறு மாதமாக எடை மாறவில்லை என்பது இங்கே நல்ல செய்தி அல்ல. வயிற்று நீர் லேசாக இருந்தால் எடையில் 5 சதவீதம், நடுத்தரமாக இருந்தால் 10, அதிகமாக இருந்தால் 15 கழிப்பது வழக்கம். இரண்டு காலும் வீங்கியிருந்தால் இன்னொரு 5. அப்பாவுக்கு நடுத்தர நீர் என்று வைத்துக்கொண்டால் 15 சதவீதம் போக உண்மையான எடை ஏறத்தாழ 56 கிலோ. இனி எல்லாக் கணக்கும் இந்த 56ஐ வைத்துத்தான்.

தசை எவ்வளவு போயிருக்கிறது என்பதைக் காலில் பார்க்காதீர்கள், வீக்கம் மறைத்துவிடும். நெற்றிப் பொட்டு குழிந்திருக்கிறதா, கழுத்துப்பட்டை எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அழுத்தச் சொல்லி, புறங்கையில் அந்த இரண்டுக்கும் நடுவே பாருங்கள். ஆரோக்கியமான கையில் அங்கே ஒரு சதைத் திரட்சி எழும்பும். தசை கரைந்த கையில் அந்த இடம் தட்டையாக அல்லது பள்ளமாக இருக்கும். பிறகு கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரவைத்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். விழாமல் பிடிக்க ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், அல்லது முடிக்கவே முடியாவிட்டால், தசைபலம் குறைந்திருக்கிறது என்று பொருள். அந்த விநாடிக் கணக்கைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

இனி இரவுக்கு வருவோம். நாம் தூங்கும்போது மூளைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் வேண்டிய சர்க்கரையைக் கல்லீரல் தன் கிளைகோஜன் (சேமித்துவைத்த சர்க்கரை) இருப்பிலிருந்து கொடுக்கும். சுருங்கிய கல்லீரலில் அந்த இருப்பு மிகக் குறைவு. சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அப்புறம் தசையை உடைத்து, அதன் அமினோ அமிலங்களிலிருந்துதான் சர்க்கரை தயாராக வேண்டும். மற்றவர்கள் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்பில் நடக்கும் மாற்றம், சிரோசிஸ் உள்ளவருக்கு ஒரே இரவில் நடந்துவிடுகிறது. உங்கள் அப்பாவுக்கு அது தினமும் நடக்கிறது. சனிக்கிழமை இரட்டிப்பாக.

குழப்பத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. குழப்பத்துக்குப் பெரும் காரணம் அமோனியா, அதாவது புரதம் சிதையும்போது உருவாகும் கழிவு. நலிந்த கல்லீரல் அதை முழுதாகச் சுத்தம் செய்யாதபோது, அந்த வேலையில் பெரும் பங்கைத் தசைதான் எடுத்துக்கொள்கிறது. அமோனியாவை குளூட்டமின் என்ற அமினோ அமிலமாக மாற்றுகிறது. புரதத்தை நிறுத்தினால் தசை கரையும். தசை கரைந்தால் அமோனியா ஏறும். ஏறிய அமோனியா புதுத் தசை உருவாவதையும் தடுக்கும். பயந்து நிறுத்திய பருப்பே அடுத்த குழப்பத்துக்கு வழி செய்துவிடும். ஒரு காலத்தில் மருத்துவர்களே புரதத்தை நிறுத்தச் சொன்னார்கள், அதனால் உறவினர்களைக் குறை சொல்ல முடியாது. 2004இல் பார்சிலோனா மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், குழப்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் புரதத்தைக் குறைத்தும், மற்றவர்களுக்கு வழக்கமான அளவும் கொடுத்துப் பார்த்தார்கள். குழப்பம் தெளிவதில் வேறுபாடு இல்லை. புரதம் குறைக்கப்பட்டவர்களுக்கு உடல் புரதம் உடைவதுதான் கூடியது. ஐரோப்பியக் கல்லீரல் சங்கத்தின் 2019 வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது: ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம், குறைந்தது 35 கலோரி. குழப்பம் வந்தவருக்கும் புரதத்தைக் குறைக்கக் கூடாது.

56 கிலோவுக்கு 67 முதல் 84 கிராம் புரதம், சுமார் 2,000 கலோரி. நீர் நிறைந்த வயிறு இரைப்பையை அழுத்துவதால் மூன்று வேளையில் இது உள்ளே போகாது. விழித்திருக்கும்போது மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல் சிறிது சிறிதாகக் கொடுங்கள்.

காலை எழுந்ததும் 200 மில்லி பால் (6 கிராம் புரதம்). எட்டு மணிக்கு மூன்று இட்லி, பருப்பு கெட்டியாக விட்ட சாம்பார், ஒரு முழு முட்டை (17). பதினொன்றுக்கு 30 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்த சுண்டல் (6). மதியம் 100 கிராம் அரிசிச் சோறு, 30 கிராம் பருப்பில் கூட்டு, 150 கிராம் தயிர் (19). மாலை ஒரு கைப்பிடி உப்பில்லாத வேர்க்கடலை, 30 கிராம் (7). இரவு ஏழரைக்கு மூன்று சப்பாத்தி, 50 கிராம் பன்னீர் (18). படுக்கப் போகும்முன், பத்து மணிவாக்கில், 40 கிராம் சத்துமாவைக் காய்ச்சி 200 மில்லி பாலோடு ஒரு கஞ்சி, ஒரு சிறு வாழைப்பழம் (11). கூட்டினால் 84 வரும். ஏதாவது ஒரு வேளை உணவு பாதிதான் இறங்கினாலும் 67க்குக் கீழே போகாது. பருப்பு, பால் புரதங்களைக் குழப்பம் வந்தவர்கள் இறைச்சிப் புரதத்தைவிட நன்றாகத் தாங்குவார்கள். அந்த வகையில் அப்பாவின் உணவுப் பழக்கம் சாதகமானது.

இதில் எதை விட்டாலும் அந்தப் பத்து மணிக் கஞ்சியை விடாதீர்கள். ஏறத்தாழ 50 கிராம் மாவுச்சத்து அதில் வர வேண்டும். நியூசிலாந்தில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரே சத்துபானத்தை ஒரு குழுவுக்குப் பகலிலும் இன்னொரு குழுவுக்கு இரவிலும் ஓராண்டு கொடுத்தார்கள். இரவில் குடித்தவர்களுக்குச் சுமார் 2 கிலோ தசைக்கு ஈடான உடல் புரதம் கூடியது. பகலில் குடித்தவர்களுக்குக் கூடவில்லை. பானம் ஒன்றுதான், நேரம்தான் வேறு.

சர்க்கரை நோய்க்குப் பயந்து இதைத் தவிர்க்க வேண்டாம். கஞ்சியில் சர்க்கரை, வெல்லம் போடாதீர்கள். வாழைப்பழத்துக்குப் பின் சர்க்கரை ஏறினால் அதற்குப் பதில் ஓர் இட்லி கொடுங்கள். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்கு விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்து போவதையும் இந்த உணவு தடுக்கும். மருந்தின் அளவை மருத்துவர் சரிசெய்வார். ஒன்று கவனியுங்கள்: சிரோசிஸில் மண்ணீரல் வீக்கம், ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். வீட்டு குளுக்கோமீட்டர் கணக்கை எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

சனிக்கிழமை விரதத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். மனம் ஒப்பாவிட்டால் பால், பழம், சுண்டல் என்று வேளைக்கு வேளை எடுத்துக்கொள்ளும் விரதமாக மாற்றலாம். எண்டோஸ்கோப்பிக்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னால் காலையில் முதல் ஆளாக நேரம் கேளுங்கள். முந்தின நாள் இரவு கஞ்சியைக் கொடுத்துவிடுங்கள். முடிந்து அனுமதி கிடைத்ததும் உண்ணக் கொடுங்கள்.

குழப்பத்தைத் தடுக்கக் கவனிக்க வேண்டியது மலச்சிக்கல். லாக்டுலோஸ் சிரப் எழுதிக் கொடுத்திருந்தால், நாளுக்கு இரண்டு மூன்று முறை இளகலாக மலம் போகும்படி அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். ஐந்தாறு முறை நீராகப் போனால் அதுவே நீரிழப்பில் கொண்டுபோய்க் குழப்பம் வரவைக்கும். தூக்க மாத்திரை, கிருமித் தொற்று, உள்ளே ரத்தக்கசிவு ஆகியவையும் காரணங்கள். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, கையெழுத்து கோணுவது, நீட்டிய கை பறவைச் சிறகு போல் படபடப்பது முதல் அறிகுறிகள். கறுப்பு மலம், காய்ச்சலோடு வயிற்றுவலி, தட்டி எழுப்பியும் தெளியாத மயக்கம் என்றால் அன்றே மருத்துவமனை.

உப்பு நாளுக்கு மொத்தம் 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். சமையலுக்கென்று அதைக் காலையிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், பாக்கெட் சிப்ஸ் வேண்டாம். அதற்காக உப்பே இல்லாமல் சமைக்காதீர்கள். சாப்பாடு வாயில் வைக்க முடியாமல் போனால் அவர் பாதித் தட்டில் எழுந்துவிடுவார். அந்த இழப்பு பெரிது. எலுமிச்சை, சீரகம், பூண்டு, கொத்தமல்லி கைகொடுக்கும். "லோ சோடியம்" என்று விற்கும் உப்பை வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். ஸ்பைரனோலாக்டோன் நீர்மாத்திரை எடுப்பவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். இளநீரைத் தினமும் கொடுப்பதிலும் இதே ஆபத்து.

ரத்தப் புரதமான ஆல்புமின் குறைவு என்று ரிப்போர்ட்டில் பார்த்துவிட்டு முட்டை வெள்ளையை ஆறு, எட்டு என்று கொடுப்பவர்கள் உண்டு. ரத்தத்தில் ஆல்புமின் குறைவது பெரும்பாலும் கல்லீரல் அதைத் தயாரிக்க முடியாததால். முட்டை தசைக்கு உதவும். ஆல்புமின் அளவை ஏற்றாது. மூலிகை கலந்த புரதப் பவுடர், பெயரில்லாத சூரணம் எதுவும் வேண்டாம். சீந்தில், அஸ்வகந்தா போன்றவற்றால் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டது நம் நாட்டிலேயே பதிவாகியிருக்கிறது.

உணவு மட்டும் தசையைத் திரும்பக் கொண்டுவராது. அதற்கு வேலையும் கொடுக்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது எட்டு முறை, சற்று ஓய்வு, மறுபடி எட்டு. சுவரைப் பிடித்துக் குதிகால் உயர்த்துவது பத்து முறை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்து முழங்கை மடக்குவது பத்து முறை. வாரம் மூன்று நாள் போதும். நடை தினமும் பத்து நிமிடத்தில் தொடங்கி அரை மணி வரை. எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறும். உணவுக்குழாயில் வீங்கிய நாளங்கள் இருந்தால் வெடிக்கலாம். ஆகவே எண்டோஸ்கோப்பி பார்த்து, தேவையான மருந்தைத் தொடங்கிய பிறகே பயிற்சி. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் தூக்கவே கூடாது. நீர்மாத்திரையைக் காலையில் கொடுங்கள். மாலையில் கொடுத்தால் இரவில் கழிப்பறைக்கு எழுந்து இருட்டில் விழுவார்.

முதுகுவலியை வாயு என்று விட்டுவிடாதீர்கள். விழுந்த பிறகு தொடர்வதால் முதுகெலும்பு எக்ஸ்ரே இந்த வாரமே எடுங்கள். சிரோசிஸில் எலும்பு தேய்ந்து, சின்ன அதிர்ச்சியிலேயே முள்ளெலும்பு நசுங்குவது உண்டு. வைட்டமின் டி செயல்வடிவம் பெறும் முதல் படி கல்லீரலில் நடக்கிறது. உணவிலிருந்து அதை உறிஞ்சப் பித்தநீர் வேண்டும். தசை குறைந்ததும், நடமாட்டம் குறைந்ததும் சேர்ந்துகொள்ளும். எக்ஸ்ரேயோடு, எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்சா ஸ்கேனும் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி பரிசோதனையும் கேளுங்கள். டெக்சாவில் டி ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை. வைட்டமின் டி (ஒரு மில்லிக்கு நானோகிராம் கணக்கில்) 20க்குக் கீழே இருந்தால் மாத்திரை தேவை. 30க்கு மேல் கொண்டுவர வேண்டும். 60,000 யூனிட் மாத்திரை எழுதினால் அது வாரம் ஒன்று. தினமும் ஒன்று என்று தவறாகப் போட்டு, கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அட்டையில் கிழமையை எழுதி வையுங்கள்.

கால்சியம் நாளுக்கு 1,000 மில்லிகிராமாவது வேண்டும். மேலே சொன்ன பாலும் தயிரும் பன்னீரும் பெரும் பகுதியைத் தந்துவிடும். சத்துமாவில் கேழ்வரகைக் கூடுதலாகச் சேர்த்து அரையுங்கள், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. மீதிக்கு மருத்துவர் மாத்திரை தந்தால் உணவோடு கொடுங்கள். வயிற்று நீரில் தொற்று வராமலிருக்க நார்ஃப்ளாக்சசின் அல்லது சிப்ரோஃப்ளாக்சசின் எடுக்கிறாரா என்று பாருங்கள். கால்சியமும் பாலும் அந்த மருந்தைக் குடலிலேயே பிடித்துவைத்துவிடும். மருந்தைக் கொடுத்து இரண்டு மணி நேரமாவது கழித்துத்தான் பால்.

எலும்புப்புரை உறுதியானால் வாரம் ஒருமுறை விழுங்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரையைத் தானாக வாங்காதீர்கள். உணவுக்குழாயில் புண் உண்டாக்கக்கூடியது அது; வீங்கிய நாளங்கள் இருப்பவருக்கு ஆபத்து. ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரானிக் அமிலம் போன்ற மாற்று இருக்கிறது. அதற்கு முன் வைட்டமின் டி சரியாகியிருக்க வேண்டும், சிறுநீரகமும் பல்லும் பார்த்திருக்க வேண்டும். அதுவரை முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் எதுவும் வேண்டாம். சிறுநீரகத்தை ஒரே வாரத்தில் படுக்கவைத்துவிடலாம், ரத்தக்கசிவும் வரலாம். பாராசிட்டமால் 500 மில்லிகிராம், நாளுக்கு நான்கு மாத்திரைக்கு மேல் போகாமல், சில நாட்களுக்கு மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கொடுக்கலாம்.