நிறுத்தி வைத்த படகும் திருட்டுப் பயமும்: கேள்வி பதில்

பருவம் முடிந்து படகைக் கரையேற்றி வைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன். பூட்டு வியாபாரம் எனக்குக் கிடையாது, அதனால் வேண்டாம் என்று தோன்றியதை வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, பதினெட்டு அடி ஃபைபர் படகு. டிரெய்லர் மேலேயே வீட்டுப் பக்கவாட்டில் ஆறு மாதம் நிற்கப்போகிறது. முதலில் எதைப் பூட்டுவது?

என்ஜினை. படகையே இழுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டுதான். ஆனால் படகை ஒளித்து வைப்பது கஷ்டம், விற்பது அதைவிடக் கஷ்டம். படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு என்ஜின் அப்படியில்லை. வேனுக்குள் போட்டுக் கதவைச் சாத்தினால் யார் கண்ணிலும் படாது, வாங்கவும் ஆள் இருக்கும்.

சின்ன என்ஜின்கள் இரண்டு திருகுப் பிடிகளால் படகின் பின்பலகையைக் கவ்விக்கொண்டிருக்கும். இரண்டு பிடிகளையும் சேர்த்து மூடிக்கொள்கிற குழாய் மாதிரியான பூட்டு கிடைக்கிறது, அதுவே சரியானது. இரண்டு பிடிகளுக்கும் நடுவே சாதாரணப் பூட்டை நுழைத்துத் தொங்கவிடுவது பேருக்குத்தான். ஒரே ஆள் தூக்கக்கூடிய எடை என்றால் பூட்டைப் பற்றியே யோசிக்க வேண்டாம். கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் ஸ்டாண்டில் நிமிர்த்தி வையுங்கள். பெட்ரோலை வடித்துவிட்டு வையுங்கள்.

பெரிய என்ஜின்கள் பின்பலகையில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். அதில் ஒரு போல்ட்டுக்காவது தனிச் சாவியால் மட்டுமே திறக்கும் நட்டு போடுங்கள். அப்புறம் பலர் மறந்துவிடும் ஒன்று: முழு என்ஜினையும் தூக்க முடியாதவர்கள் அடியில் இருக்கும் கியர் பெட்டியை மட்டும் கழற்றிக்கொண்டு போவார்கள். சில போல்ட்கள்தான், சாதாரண ஸ்பேனர் போதும். என்ஜினின் சுழற்சியைக் கீழே கடத்தும் நீளமான தண்டோடு (டிரைவ் ஷாஃப்ட்) சேர்த்து அதைக் கீழ்நோக்கி உருவினால்தான் வெளியே வரும். ஆகவே என்ஜினைச் சாய்த்துத் தூக்கி நிறுத்தாமல் முழுக்க இறக்கி, அடியில் ஒரு மரக்கட்டை இருக்கும்படி வைத்தால் உருவ இடமிருக்காது. உள்ளே தங்கிய தண்ணீரும் வடிந்துவிடும். விவரம் தெரிந்தவன் கையாலேயே என்ஜினைச் சாய்த்து உயர்த்திவிடுவான் என்பதும் உண்மை, ஆனால் அவனுக்கும் நேரம் பிடிக்கும். கியர் பெட்டி போல்ட்டுக்கென்றே தனிப் பூட்டும் கிடைக்கிறது.

கேள்வி: டிரெய்லரின் கப்ளரில், அதாவது வண்டியோடு மாட்டும் முனையில், பூட்டு போட்டிருக்கிறேன். போதும்தானே?

போதாது. கப்ளர் பூட்டு, உங்கள் டிரெய்லரை இன்னொருவர் வண்டிக்குப் பின்னால் இருக்கும் இழுவைப் பந்தில் மாட்டவிடாமல் தடுக்கும், அவ்வளவுதான். சங்கிலியால் வண்டியோடு கட்டி மெதுவாக இழுத்துப் போகிறவனுக்குப் பந்து எதற்கு? பல டிரெய்லர்களில் கப்ளரே இரண்டு போல்ட்டில்தான் நிற்கிறது. அதைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினால் உங்கள் பூட்டு பத்திரமாகத் தரையில் கிடக்கும்.

சக்கரத்தைக் கவனியுங்கள். நல்ல சக்கரப் பூட்டு போடலாம். மாதக்கணக்கில் நிற்கிற டிரெய்லர் என்றால் சக்கரங்களையே கழற்றி, ஆக்ஸிலுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்ட் கொடுத்துவிடுவது இன்னும் மேல். டயருக்கும் அது நல்லது. படகின் அடிப்பாகத்துக்கு நேராக முட்டுக் கொடுத்துவிடாதீர்கள், ஃபைபர் விரிசல் விடும். சக்கரத்தைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, ஸ்டெப்னியை டிரெய்லரிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வருகிறவனுக்கு நாமே ஒரு சக்கரம் கொடுத்த மாதிரி.

காசு செலவில்லாத வழியும் உண்டு: இழுக்கும் முனை சுவரைப் பார்த்து இருக்கும்படி நிறுத்துங்கள். முடிந்தால் வெளியேறும் வழியை மறித்து உங்கள் காரை நிறுத்துங்கள்.

கேள்வி: இரும்பு அறுக்கும் கிரைண்டர் இருந்தால் எந்தச் சங்கிலியையும் அறுத்துவிடலாமே சார். எதற்கு இவ்வளவு செலவு?

அறுக்கலாம். ஆனால் கிரைண்டர் போடும் சத்தத்துக்குத் தெருவே எழுந்துகொள்ளும், தீப்பொறியும் பறக்கும். அந்தச் சத்தத்தில் அவனை எத்தனை நிமிடம் நிற்க வைக்கிறோம் என்பதுதான் கணக்கு. கடினப்படுத்தப்பட்ட எஃகுச் சங்கிலியும் அதே தரத்தில் பூட்டும் வாங்குங்கள். பூட்டின் வளைவு வெளியே அதிகம் தெரியாத வட்டப் பூட்டு நல்லது. ஸ்டெயின்லெஸ் பார்க்க அழகு, துரு பிடிக்காது, ஆனால் கடினப்படுத்தப்பட்ட எஃகைவிட மென்மையானது.

சங்கிலி தரையில் கிடக்கக்கூடாது. கிடந்தால் சங்கிலி வெட்டும் கட்டரின் ஒரு பிடியைத் தரையில் ஊன்றி, மறுபிடியில் உடம்பு எடையைப் போட்டு அழுத்திவிடுவார்கள். தொய்வில்லாமல் உயரத்தில் சுற்றுங்கள். உப்புக்காற்று படும் இடமென்றால் பூட்டுக்குள் உலர்ந்துவிடும் டெஃப்ளான் ஸ்ப்ரே அடியுங்கள். எண்ணெய் விட்டால் தூசி சேர்ந்து, உங்கள் பூட்டு உங்களுக்கே திறக்காது.

கேள்வி: ஜிபிஎஸ் டிராக்கர் வைத்தால் பூட்டெல்லாம் தேவையில்லை என்கிறார்களே?

டிராக்கர் திருட்டைத் தடுக்காது, திருடு போனது எங்கே என்று சொல்லும். இரண்டும் வேறு வேலை. படகின் பேட்டரியில் மட்டும் இணைத்திருந்தால், பேட்டரியைக் கழற்றியதும் அது செத்துப்போகும். உள்ளேயே தனி பேட்டரி உள்ளதாக வாங்குங்கள். ஃபைபர் வழியாக சிக்னல் போகும், அலுமினியம் தடுக்கும். அலுமினியப் படகில் இருக்கைக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு, வேலை செய்கிறதா என்று சோதிக்காமல் விடாதீர்கள். படகு தன் இடத்தை விட்டு நகர்ந்தால் போனுக்குத் தகவல் வரும் வசதி இருக்கட்டும். இல்லாவிட்டால் திருடு போனதே மூன்று மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

சாவிக்கொத்தில் மாட்டும் புளூடூத் வில்லைகளைக் கேட்டவர்களுக்கு: பக்கத்தில் யாருடைய போனாவது இருந்தால்தான் அவை இடம் காட்டும். தெரியாத வில்லை கூடவே வருகிறது என்று திருடனின் போனுக்கே எச்சரிக்கையும் போகலாம். இரண்டாவது ஏற்பாடாக வைக்கலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

கேள்வி: எண்களைக் குறித்து வைக்கச் சொல்கிறீர்கள். எந்த எண்?

படகுக்கு ஒன்று, என்ஜினுக்கு ஒன்று, டிரெய்லருக்கு ஒன்று. படகின் எண் பின்பலகையின் வலது பக்க மேற்பகுதியில் இருக்கும். அமெரிக்க முறையில் 12 எழுத்தும் எண்ணும், ஐரோப்பிய முறையில் முன்னால் நாட்டின் குறியீடும் சேர்ந்து 14. 1984 ஆகஸ்டுக்குப் பிறகு அமெரிக்காவில் கட்டப்பட்ட படகுகளில் அதே எண் மறைவான இன்னொரு இடத்திலும் இருக்க வேண்டும் என்பது விதி. முதலாவதைச் சுரண்டி எடுத்தாலும் இரண்டாவது காட்டிக்கொடுக்கும். என்ஜின் எண் பெரும்பாலும் பின்பலகையில் மாட்டும் தாங்கியில் ஒட்டிய தகட்டில் இருக்கும். பழைய என்ஜின் வாங்கப் போகும்போது அந்தத் தகடு இல்லை, ரிவெட் துளை மட்டும் இருக்கிறது என்றால், விலை எவ்வளவு சகாயமாக இருந்தாலும் பேச்சை முடித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

படம் எடுத்து, பில்லோடு சேர்த்து வீட்டில் வையுங்கள். படகின் பெட்டிக்குள்ளேயே வைத்தால் அதுவும் சேர்ந்து போகும். என்ஜின் மூடியில் படகின் பெயரைப் பெரிதாக, கண்ணை உறுத்தும் நிறத்தில் எழுதுவதை நான் மனதார ஆதரிக்கிறேன். அசிங்கமாக இருக்கும்தான். அந்த அசிங்கத்தை வாங்க ஆள் தேடுவது திருடன் பாடு.

கேள்வி: மீன் காட்டும் கருவி, ரேடியோ இதையெல்லாம் கழற்ற வேண்டுமா?

கழற்ற முடிகிற எல்லாவற்றையும். பேட்டரி, நங்கூரம், லைஃப் ஜாக்கெட், தனி பெட்ரோல் டேங்க் உட்பட. ஸ்டெயின்லெஸ் அல்லது வெண்கல புரொப்பெல்லர் என்றால் அதையும். கேபின் உள்ள படகில் எல்லாவற்றையும் எடுத்த பிறகு திரையை விலக்கி, அலமாரிகளைத் திறந்து வைத்துவிடுங்கள். காலியென்று கண்ணாடி வழியே தெரிந்தால் கதவை உடைக்க மாட்டார்கள்.

ஆபத்து நேரத்தில் செயற்கைக்கோளுக்கு 406 மெகாஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும் பீக்கன் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அது திருடு போனால் பதிவு செய்த அமைப்புக்கு உடனே சொல்லுங்கள். திருடியவன் தெரியாமல் அழுத்தினால் மீட்புப் படை உங்களைத் தேடித்தான் கிளம்பும். அதன் 15 இலக்க அடையாளக் குறியீடும் உங்கள் பட்டியலில் இருக்கட்டும்.

கேள்வி: கயாக்கை (துடுப்பால் ஓட்டும் ஒடுக்கமான சிறு படகை) எப்படிப் பூட்டுவது? துளையே இல்லையே.

மேலே உட்காரும் வகை என்றால் தண்ணீர் வடியும் துளைகள் வழியே கேபிள் போடலாம். மற்றவற்றில் இருக்கைச் சட்டத்தின் வழியே. தூக்கிச் செல்ல வைத்திருக்கும் கைப்பிடி வழியே மட்டும் வேண்டாம், ஒரு ஸ்க்ரூடிரைவரில் அது கழன்று வந்துவிடும். துடுப்பு வீட்டுக்குள்.

கேள்வி: படகுகளை வைக்கும் தனியார் இடத்தில் விடப்போகிறேன். கேமரா இருக்கிறது என்கிறார்கள்.

கேமரா இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இரவில் அதை யார் பார்க்கிறார்கள், பதிவு எத்தனை நாள் இருக்கும், வாயிற்கதவின் எண் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். வெளியேறிய வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் இன்னும் அந்த எண் தெரியும் என்றால் கதவு இருந்தும் பயனில்லை. ஒருமுறை இருட்டிய பிறகு போய்ப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் பத்திரத்தையும் படியுங்கள். எந்த வகைப் பூட்டு இருக்க வேண்டும், உடைத்த அடையாளம் இருந்தால்தான் பணம் தருவார்களா, டிரெய்லரும் கணக்கில் உண்டா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

கேள்வி: திருடு போய்விட்டது, டிராக்கர் இடத்தைக் காட்டுகிறது. நண்பர்களோடு போய் எடுத்து வந்துவிடலாமா?

வேண்டாம். அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள், கையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. போலீஸில் புகார் கொடுத்து, எண்களையும் படங்களையும் கொடுங்கள். டிராக்கர் காட்டும் இடத்தை அவர்களே நேரடியாகப் பார்க்கும்படி பகிருங்கள். அறுந்த பூட்டு, சங்கிலித் துண்டு எதையும் அவர்கள் வந்து பார்க்கும்வரை தொட வேண்டாம். அடுத்த போன் இன்ஷூரன்ஸுக்கு, அதற்கடுத்தது படகைப் பதிவு செய்த அலுவலகத்துக்கு.