பேக்கப் ஸ்கிரிப்டில் டிரெக்டரியை வெளியிலிருந்து மாற்றும்படி வைப்பது எப்படி?

கல்முனையில் ஒன்று, அக்கரைப்பற்றில் ஒன்று என்று இரண்டு சேர்வர் பார்ப்பதாகச் சொல்கிறீர்கள். இரண்டிலும் ஒரே பாஷ் ஸ்கிரிப்ட் (லினக்ஸ் கொமாண்டுகளை வரிசையாக ஓட்டும் பைல்): டேட்டாபேஸைச் சுருக்கி யூஎஸ்பி ஹார்ட் டிஸ்கில் போட்டுவிட்டு, 14 நாளுக்கு மேல் பழையதை அழிக்கிறது. பேக்கப் போகும் டிரெக்டரியின் பாதை உள்ளேயே எழுதியிருப்பதால் இடத்துக்கு இடம் ஸ்கிரிப்டைத் திருத்த வேண்டியிருக்கிறது. மட்டக்களப்புப் பக்கம் நான் பார்க்கும் கடைகளிலும் இதே ஏற்பாடுதான்.

பாதையை ஒரு மாறியில் போட்டு, கெட்ஆப்ட்ஸ் (getopts, ஒப்ஷன்களைப் படிக்கும் பாஷ் கொமாண்ட்) வைத்து ஹைபன் டி (-d) என்ற ஒப்ஷனில் வாங்குங்கள். கெட்ஆப்ட்ஸுக்குக் கொடுக்கும் எழுத்துக்குப் பின்னால் கோலன் (d:) போட்டால்தான் அது மதிப்பை எதிர்பார்க்கும். நீண்ட பெயர் ஒப்ஷன் கெட்ஆப்ட்ஸுக்குத் தெரியாது, இரண்டு சேர்வருக்கு அது தேவையும் இல்லை.

யோசிக்க வேண்டியது வரிசையை. முதலில் வழக்கமான மதிப்பு, அடுத்து கொன்ஃபிக் பைல், கடைசியாகக் கொமாண்டில் கொடுத்தது. பின்னால் வருவதுதான் வெல்லும். கொன்ஃபிக் பைலை ஒப்ஷன்களுக்குப் பிறகு சோர்ஸ் செய்தால் (அதாவது ஸ்கிரிப்டுக்குள்ளேயே ஓட்டினால்), நீங்கள் கையால் கொடுத்த பாதையை அது சத்தமில்லாமல் மாற்றிவிடும். சோர்ஸ் செய்வது என்றால் அந்தப் பைலும் ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள பயனராக, ஓடும் நிரல்தான். ஆகவே ரூட்டைத் தவிர வேறு யாரும் அதில் எழுத முடியாதபடி வையுங்கள். சூழல் மாறிகளை நம்ப வேண்டாம் என்பேன். உங்கள் பாஷ்ஆர்சியில் (.bashrc, உங்கள் ஷெல்லின் அமைப்புப் பைல்) எக்ஸ்போர்ட் செய்தது, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானுக்குப் போகாது. ரூட் அதிகாரத்தோடு ஓட்டும் சூடோவும் வழக்கமாக அதைக் கழற்றிவிடும்.

பாதை வெளியிலிருந்து வருகிறது என்றால் தப்பான பாதையும் வரும். விண்டோஸில் ஃபோர்மட் செய்த டிஸ்கைச் செருகினால் பெரும்பாலும் 'நியூ வொல்யூம்' என்ற பெயரில், நடுவில் இடைவெளியோடு மவுண்ட் ஆகும் (ஒரு டிரெக்டரியாக இணையும்). மாறியை இரட்டை மேற்கோளுக்குள் வைக்காவிட்டால் ஷெல் அதை இரண்டு சொல்லாக உடைத்துவிடும்.

மாரி மழையில் கரண்ட் போய் வந்தபின் டிஸ்க் மவுண்ட் ஆகாமல் கிடப்பதும் உண்டு. அப்போதும் மவுண்ட் செய்யும் டிரெக்டரி வெறுமையாக இருக்கத்தான் செய்யும். "டிரெக்டரி இருக்கிறதா" என்று மட்டும் பார்த்தால் ஸ்கிரிப்ட் திருப்தியாகி, பேக்கப்பை எல்லாம் சிஸ்டம் இருக்கும் ரூட் டிஸ்கில் கொட்டி நிரப்பும். மவுண்ட்பொயின்ட் கொமாண்டால் சோதித்து, இல்லையென்றால் பிழை சொல்லி நிறுத்துங்கள். இல்லாத டிரெக்டரியைத் தானாக உருவாக்கவும் விடாதீர்கள், எழுத்துப் பிழையான பாதையும் புது டிரெக்டரியாகி நிற்கும்.

அழிக்கும் வரிக்கு இன்னும் கவனம் வேண்டும். 2015இல் லினக்ஸுக்கான ஸ்டீம் (கேம் மென்பொருள்) ஸ்கிரிப்ட் ஒன்றில், பாதையை வைத்திருந்த மாறி வெறுமையாகிப்போய், அழிக்கும் ஆர்எம் (rm) கொமாண்ட் உச்சியிலுள்ள ரூட் டிரெக்டரியிலிருந்து அழிக்கத் தொடங்கியது. பயனர்களின் சொந்த பைல்களும் போயின. ஸ்கிரிப்டில் செட் ஹைபன் யூ (set -u) போடுவது இதற்குப் போதாது. அது வரையறுக்கப்படாத மாறியைத்தான் பிடிக்கும், வெறும் சரத்தை விட்டுவிடும். சுருள் அடைப்புக்குள் மாறியின் பெயருக்குப் பின்னால் :? என்று போட்டால் இரண்டையும் பிடித்து அங்கேயே நிறுத்தும். ஆர்எம்முக்குப் பதிலாகப் பைல்களைத் தேடும் ஃபைண்ட் (find) கொமாண்டை வைத்து, ஆழம் 1, சாதாரண பைல் மட்டும், உங்கள் பேக்கப் பெயர் வடிவம் மட்டும் என்று கட்டிப்போடுங்கள்.

அப்புறம் ஹைபன் என் (-n) என்று இன்னொரு ஒப்ஷனும் சேருங்கள்: எந்தப் பாதையை எடுத்துக்கொண்டது, எந்தெந்தப் பைலை அழிக்கப்போகிறது என்று காட்டிவிட்டு ஒன்றும் செய்யாமல் வெளியேறட்டும். கிரானில் போடுவதற்கு முன் இரண்டு சேர்வரிலும் அதை ஓட்டிப் பாருங்கள்.