வாங்கும் முன்: பதிவிறக்கக் கடைகளை நம்பலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கும் மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. மென்பொருளும் கணினி விளையாட்டும் விற்கும் பதிவிறக்கத் தளங்கள் பற்றிய கேள்விகள் அவை. அதனால் மிக்சி, வாஷிங் மெஷின் கேள்விகளுக்கு அடுத்த முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: புதிதாகத் தொடங்கவிருக்கும் ஒரு பதிவிறக்கத் தளம் என்னைச் சோதனைப் பயனராகச் சேர அழைத்திருக்கிறது. கட்டணம் இல்லை. ஆனால் வயதைச் சரிபார்க்க என்று சொல்லி டெபிட் கார்டு எண்ணையும் பின்பக்கத்து மூன்று இலக்கங்களையும் கேட்கிறது. கொடுக்கலாமா? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: கூடாது தம்பி. இலவசத்துக்குக் கார்டு எதற்கு?

கேள்வி: ஒரு புதுத் தளத்தில் எல்லாமே விலை குறைவு என்று என் இரண்டு பிள்ளைகளும் நச்சரிக்கிறார்கள். நம்பகமானதா என்று எப்படிச் சோதிப்பது? (கணக்காளர், கோவை)

பதில்: நல்ல கேள்வி, ஐயா. சென்ற மாதம் அப்படி ஒரு தளத்தை நானே சோதித்துப் பார்த்தேன். என்ன செய்தேன் என்று சொல்கிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

முதலில் விலைப் பட்டியலைப் பார்க்கவில்லை. பக்கத்தின் அடியில் முகவரி இருக்கிறதா, குறைதீர்ப்பு அலுவலர் பெயர் இருக்கிறதா என்று தேடினேன். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் டிஜிட்டல் பொருள்களுக்கும் பொருந்தும். இந்திய நுகர்வோருக்கு முறையாக விற்கும் வெளிநாட்டுத் தளத்தையும் அவை கட்டுப்படுத்தும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த அலுவலர் பெயர் எங்கும் தென்படாத கடையில் பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் வாங்காதீர்கள்.

பிறகு தளத்தின் நிறுவல் கோப்பை இறக்கினேன். இறக்கியதும் திறந்துவிடக் கூடாது. கோப்பின் மேல் வலது சொடுக்குப் போட்டு, பண்புகள் (Properties) பகுதியில், கோப்பை வெளியிட்டவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தளத்தை நடத்தும் நிறுவனத்தின் பெயரே அங்கும் இருக்க வேண்டும். கையொப்பமே இல்லையென்றால் அழித்துவிடுங்கள். நான் பார்த்ததில் பெயர் சரியாக இருந்தது. வங்கி, அலுவலகம் எதற்கும் பயன்படாத பழைய மடிக்கணினியில் நிறுவினேன். வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லை வைத்துக் கணக்குத் தொடங்கினேன். கார்டைச் சேமிக்காமல், அந்த ஒரு முறைக்கு மட்டும் பணம் கட்டி 149 ரூபாய்க்கு ஒரு புதிர் விளையாட்டு வாங்கினேன்.

வாங்குவது எந்தக் கடையிலும் சுலபமாகத்தான் இருக்கும், அதற்குப் பின்னால் வருவதைத்தான் சோதிக்க வேண்டும். 9 ஜிபி பதிவிறக்கம் 62 சதவீதம் ஆனபோது இணைய இணைப்பைப் பிடுங்கினேன். ஐந்து நிமிடம் கழித்துச் சொருகியதும் சதவீதம் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. வேகமான இணைப்பு உள்ளவருக்கு இது தொந்தரவு, அவ்வளவுதான். மாதக் கடைசியில் டேட்டா தீரும் வீட்டிலோ, அன்று வாங்கிய பொருள் அடுத்த மாதம்தான் கைக்கு வரும். முழுதும் இறங்கியபின் இணையத்தை நிறுத்திவிட்டு விளையாட்டைத் திறந்தேன், திறக்கவில்லை. தனியாள் ஆடும் புதிர் விளையாட்டுக்கு எதற்காக எந்நேரமும் இணையம் வேண்டும்? கணினியை மறுபடி இயக்கியபோது, நான் கேட்காமலே தளத்தின் செயலி தானாக ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்து, பணத்தைத் திரும்பக் கேட்டேன். "எங்கள் தளத்தின் பணப்பையில் வரவு வைக்கிறோம்" என்று பதில் வந்தது. எந்த வழியில் கட்டினேனோ அந்த வழியிலேயே வேண்டும் என்று எழுதினேன். மூன்று கடிதம் எழுத வேண்டியிருந்தது, பதினொரு நாள் ஆயிற்று. 149 ரூபாய் வந்து சேர்ந்தது. கடைசியாகக் கணக்கை அழிக்கப் போனால், அதற்கான பொத்தான் எங்குமே இல்லை. மின்னஞ்சல் அனுப்பி இன்னும் காத்திருக்கிறேன்.

இவ்வளவையும் வைத்துத்தான் சொல்கிறேன்: அந்தத் தளத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் பிள்ளைகள் சொல்லும் தளம் வேறாக இருக்கலாம். இதே சோதனையை அவர்களையே செய்யச் சொல்லுங்கள். பணம் திரும்பி வந்த நாளில் பெரிய தொகை கொடுப்பது பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: ஸ்டீம் தளத்தில் 2,999 ரூபாய்க்கு ஒரு விளையாட்டு வாங்கி, ஒன்பது மணி நேரம் ஆடினேன். சலித்துவிட்டது. பணம் தர மறுக்கிறார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? (சேலம்)

பதில்: போக வேண்டாம். வாங்கிய 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் திரும்பப் பெறலாம் என்பது 2015 முதல் அங்கே எழுதி வைத்திருக்கும் விதி. பந்தியில் பாயசம்வரை சாப்பிட்டு முடித்தவர் சாதம் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியுமா? உண்மையாகவே ஏமாந்தவர்கள் ஆணையத்தின் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் இடத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: முன்னணுகல் (எர்லி ஆக்சஸ்) என்ற பெயரில், முடிக்கப்படாத ஒரு விளையாட்டை வாங்கினேன். இரண்டு ஆண்டாகியும் பாதியிலேயே நிற்கிறது. (மதுரை)

பதில்: இன்று என்ன இருக்கிறதோ அதற்கு மட்டும் விலை கொடுங்கள். வரப்போவதற்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வேலை முடியாமலே நின்றுபோகலாம் என்று விற்பனைப் பக்கத்திலேயே எச்சரிக்கை இருக்கும், அதைப் படித்திருக்க வேண்டும்.

கேள்வி: ஒரு பதிவிறக்கத் தளத்தில் பல ஆண்டுகளாக 14 விளையாட்டுகளும் இரண்டு மென்பொருள்களும் வாங்கி வைத்திருக்கிறேன். தளத்தை மூடப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. மூடினால் என் பொருள்கள் என்னிடம்தானே இருக்கும்? (அரசு ஊழியர், தஞ்சாவூர்)

பதில்: இருக்கும் என்று சொல்ல ஆசைப்படுகிறேன் அம்மா, சொல்ல முடியவில்லை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பல ஆண்டுகளாக என் மனத்தை அறுக்கும் விஷயம் இது.

நீங்கள் அழுத்திய பொத்தானில் "வாங்கு" என்று எழுதியிருந்தது. பொருளோ உங்களுக்கு விற்கப்படவில்லை. பயன்படுத்திக்கொள்ள ஓர் உரிமம் கொடுத்தார்கள், அதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று யாரும் படிக்காத ஒப்பந்தத்தில் எழுதினார்கள். வீட்டை வாடகைக்கு விடுபவர் விற்பனைப் பத்திரம் என்று தலைப்புப் போட்டுத் தந்தால் நாம் சும்மா இருப்போமா? கணினித் திரையில் அதுதான் நடக்கிறது, நாமும் சம்மதம் என்று அழுத்திக்கொண்டிருக்கிறோம்.

நடந்ததைப் பாருங்கள். யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் விற்கத் தொடங்கிய "தி க்ரூ" என்ற கார்ப் பந்தய விளையாட்டு, நிறுவனத்தின் சர்வர் இல்லாமல் திறக்காது. 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். முழு விலை கொடுத்து வாங்கியவர்களும், கடையில் வட்டாக வாங்கியவர்களும்கூட அதன் பிறகு ஆட முடியவில்லை. வாங்கியவர் தனியாளாகவே ஓட்டிக்கொண்டிருந்தாலும் இதே கதிதான். மாறாக, கூகுள் தன் ஸ்டேடியா என்ற இணைய விளையாட்டுச் சேவையை 2023 ஜனவரியில் மூடியபோது, விளையாட்டுகளுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. கொடுக்க மனம் இருந்தால் வழியும் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

கலிஃபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்து 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. விற்பது உரிமம் மட்டுமே என்றால், அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்கு" என்ற சொல்லைப் போடக் கூடாது. இணையம் இல்லாமல் நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி கோப்பையே கொடுத்துவிடும் கடைக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. அப்படியும் கடைகள் இருக்கின்றன. 2008 முதல் நடக்கும் ஜிஓஜி தளத்தில் நிறுவல் கோப்பை இறக்கி உங்கள் வன்தட்டில் வைத்துக்கொள்ளலாம். கடை இருந்தாலும் போனாலும் அது ஓடும். நம் நாட்டிலும் இதற்கென்று தெளிவான சட்டம் வர வேண்டும்.

நான் இதில் பட்டவன். 2009இல் ஒரு தமிழ்த் தட்டச்சு மென்பொருளை 1,850 ரூபாய் கொடுத்து இறக்கினேன். நிறுவியதும் அவர்களுடைய சர்வருடன் பேசி அனுமதி வாங்கும். மூன்றரை ஆண்டு கழித்து என் வன்தட்டு பழுதானது. புதிய தட்டில் நிறுவினால் "அனுமதி பெற முடியவில்லை" என்று ஒரு சாம்பல் நிறப் பெட்டி வந்து நின்றது. கடையை மூடிவிட்டுப் போயிருந்தார்கள். தொலைபேசி எண்ணும் இல்லை. பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்த மென்பொருள் எழுத்துகளை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் சேமிக்காமல் தன் சொந்தக் குறியீட்டில் சேமித்திருந்தது. நான் எழுதி வைத்திருந்த அத்தனை கட்டுரையும் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. அச்சடித்த தாள்களைத் தேடி எடுத்து மறுபடி தட்டச்சுச் செய்ய ஆறு வாரம் ஆயிற்று. சில கட்டுரைகளுக்குத் தாளும் இல்லை.

அதனால், அம்மா, தளம் மூடும் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே உங்கள் இரண்டு மென்பொருள்களில் செய்து வைத்தவற்றை எல்லோரும் திறக்கக்கூடிய பொது வடிவத்தில் சேமியுங்கள். பதினான்கு விளையாட்டுகளையும் இணையத்தை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். திறக்காதவற்றின் ரசீதுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூடுவதாக அறிவிப்பு வந்தால், ஸ்டேடியாவைச் சுட்டிக்காட்டிப் பணம் கேட்டு எழுத அவை தேவைப்படும்.

கேள்வி: விளையாட்டு வாங்கியபோது மாதச் சந்தாவும் சேர்ந்துவிட்டது. நான் எதையும் தேர்வு செய்யவில்லை. (வேலூர்)

பதில்: முன்கூட்டியே டிக் போட்டு வைத்த பெட்டியைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அதே 2020 விதிகள் சொல்கின்றன. தப்பு உங்களுடையது இல்லை. யுபிஐ செயலியில் தானியங்கிக் கட்டண (ஆட்டோபே) பகுதிக்குப் போய் அனுமதியை இன்றே ரத்து செய்யுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியுங்கள்.

கேள்வி: 3,500 ரூபாய் விளையாட்டின் உரிமக் குறியீடு ஒரு வாட்ஸ்அப் குழுவில் 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (நாகர்கோவில்)

பதில்: இப்படி விற்கப்படுபவற்றில் திருட்டுக் கார்டில் வாங்கியவையும் உண்டு. கார்டுக்காரர் புகார் கொடுத்ததும் குறியீடு செல்லாமல் போகும். இதே கேள்விக்கு மூன்றாவது முறையாகப் பதில் எழுதுகிறேன். இனி எழுத மாட்டேன்.

கேள்வி: சின்ன ஊரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். படம் திருத்தும் மென்பொருள் பாதி விலைக்கு என்று தேடலில் முதலில் வந்த விளம்பரத்தைப் பார்த்து 4,800 ரூபாய் கட்டினேன். தளம் அசலைப் போலவே இருந்தது. இறக்கிய கோப்பைத் திறந்ததும் கணினி நின்றுபோனது. மறுநாள் என் கணக்கிலிருந்து 11,000 ரூபாய் போயிருக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. (விழுப்புரம் மாவட்டம்)

பதில்: முதலில் வீட்டில் சொல்லுங்கள். உங்களைத் திட்டமிட்டு ஏமாற்றியிருக்கிறார்கள். அசலைப் போலவே செய்து வைத்ததும், பணம் கொடுத்து அந்த விளம்பரத்தை முதல் இடத்தில் நிறுத்தியதும் உங்களைப் போன்ற உழைப்பாளிகளைப் பிடிப்பதற்குத்தான். வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள்.

இதைப் படித்ததும் 1930க்கு அழையுங்கள். அது இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண். சீக்கிரம் சொன்னால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. அதே நேரத்தில் வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். நீங்கள் தெரிவித்த பிறகு அனுமதியின்றிப் போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு என்று ரிசர்வ் வங்கியின் விதி சொல்கிறது. ஆகவே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அந்தக் கணினியின் இணைய இணைப்பைப் பிடுங்குங்கள். வேறு ஒரு கருவியிலிருந்து வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றுங்கள். வாடிக்கையாளர்களின் கல்யாணப் படங்கள் அதில் இருந்தால், வன்தட்டை அழிக்கச் சொல்லும் முன் தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் படங்களைத் தனியே எடுக்கச் சொல்லுங்கள்.

1930இல் தரும் புகார் எண்ணை எனக்கு எழுதி அனுப்புங்கள். வங்கிக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.